மாஸ்டரின் பழக்கம்

தொபுக்.

பிறகு ஒன்றுமில்லை. வெகு நேரம் ஒன்றுமேயில்லை. அப்புறம் தண்ணீரைப் பிளந்துகொண்டு யாரோ 'ஹா'வென்று மூச்சை இழுக்கும் சத்தம்.

குழந்தையின் தலையிலிருந்து பிறந்தநாள் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள். ஓடிப் போய்ப் பால்கனிக் கதவைத் திறந்தாள். மூன்று மாடிக்குக் கீழே குடியிருப்பின் நீச்சல் குளம் கும்மிருட்டாகக் கிடந்தது. அந்த இருட்டில் ஒரு தலை.

"ஏங்க, அந்த ஆளு திரும்ப வந்துட்டாருங்க!"

கணவன் பரிசுப் பொட்டலங்களுக்கு நடுவே அப்பாடா என்று சாய்ந்திருந்தான். "எந்த ஆளு?"

"நீச்சல் மாஸ்டர். போன வாரம் வேலையை விட்டு அனுப்பினோமே!"

அனுப்பியது குடியிருப்போர் சங்கம்தான். ஆனால் நல்ல இங்கிலீஷில் அரைப் பக்கம் புகார் எழுதிக் கொடுத்தவள் அவள். கோடை விடுமுறை தொடங்கியதிலிருந்து தினமும் இதே கூத்து. பிள்ளைகளெல்லாம் கரையேறி, விளக்கை அணைத்த பிறகு மனிதர் தனியாக இறங்குவார். முங்குவார். எழுவார். நாலு அடி தள்ளிப் போய் மறுபடியும் முங்குவார். மேலே வரும்போது கண் இரண்டும் கோவைப்பழம். குடிக்காத மனுஷன் இப்படிச் செய்வானா? அந்தக் கையில் நாலு வயதுப் பெண்ணை எப்படி ஒப்படைப்பது?

கூட்டத்தில் செகரட்டரி நேராகவே கேட்டார். "இருட்டுல தண்ணிக்குள்ள அப்படி என்னய்யா வேலை உமக்கு?"

"பழக்கம் சார்" என்றார் மாஸ்டர். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

"அந்தப் பழக்கத்தை உம்ம வீட்டுத் தொட்டியில வெச்சுக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

இப்போது செகரட்டரிக்குப் போன் போட்டாள்.

"மறுபடி வந்துட்டானா? என்ன நெஞ்சழுத்தம்! நான் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வர்றேன். நீ போய் வாசல்ல நின்னு பார்த்துக்கம்மா, ஆளு நழுவிடப் போறான்."

"குட்டியைப் பார்த்துக்குங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். 'நீதானே என் பிழைப்பைக் கெடுத்தே' என்று மாஸ்டர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டால்?

குளத்துத் தகரக் கதவு திறந்தே கிடந்தது. சாயங்காலம் இங்கே நடந்த பிறந்தநாள் பார்ட்டிக்குக் கட்டிய பலூன்கள் இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தன. புது மாஸ்டர் ஏழு அடித்ததும் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். பழைய மாஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். அறுபதை நெருங்கும் உடம்பு. கிட்டே போனதும் மூக்கில் ஏறியது குளோரின் நெடி மட்டும்தான்.

"பயப்படாதீங்கம்மா. பாதி முடிஞ்சுது. ஆழப் பக்கம்தான் பாக்கி."

"என்ன... என்ன பாக்கி?"

"தரையைத் தடவிப் பாக்கணும்."

அவளுக்குப் புரியவில்லை.

"இத்தனை பிள்ளைங்க குதிச்சு ஆடினா தண்ணி கலங்கிடும்மா. மேலேருந்து பார்த்தா அடி தெரியாது. கையால தடவினாத்தான் உண்டு."

"அதான் வெளியே போகும்போது ஒவ்வொருத்தரா எண்ணித்தானே அனுப்புறோம்!"

"நானும் எண்ணினேன்மா. வேற ஊர்ல, வேற குளத்துல. வந்தது இருபத்திமூணு. போனதும் இருபத்திமூணு. எல்லாம் சரியா இருக்குன்னு பூட்டிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கினேன்." முகத்தை வழித்துக்கொண்டார். "அண்ணன்காரன் பின்னாடியே எண்ணிக்கையில விழாம வந்த பொடியன் ஒருத்தன் இருந்திருக்கான். மறுநாள் காலையிலதான் தெரிஞ்சுது."

"இதைக் கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எந்தத் தாய் அப்புறம் பிள்ளையைத் தண்ணியில இறக்குவா? அதுங்க நீச்சல் தெரியாமலே வளர்ந்துடும். என்னைக் குடிகாரன்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

மாஸ்டர் கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"ரோட்டுல போறப்போ கதவுல பலூன் தெரிஞ்சுது. மனசு கேக்கல, வந்துட்டேன். உங்க வீட்டு விசேஷமாம்மா? எத்தனை பிள்ளைங்க?"

"இருபது."

"அது நீங்க கூப்பிட்டது. வந்தது?"

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முப்பது துண்டு போட்டும் கேக் போதவில்லை. தொப்பியும் பத்தவில்லை. யாருடைய தம்பியோ, யார் வீட்டுக்கு லீவுக்கு வந்த யார் குழந்தையோ... பேர் தெரியாத ஈர முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்து நின்றன. எல்லாமே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?

கறுப்பாகக் கிடந்த ஆழப் பக்கத்தைப் பார்த்தாள். பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

வெளியே டார்ச் வெளிச்சம் ஆடியது. நாலைந்து பேரின் செருப்புச் சத்தம். "உள்ளேதான் இருக்கான். பிடிச்சு இழுத்துட்டு வாங்கய்யா!" செகரட்டரியின் குரல்.

மாஸ்டர் கைப்பிடியை விட்டார். "வந்துட்டாங்களாம்மா? பத்து நிமிஷம் இருந்தாப் போதும் எனக்கு. அப்புறம் என்ன வேணா பண்ணிக்கட்டும்."

அவள் கதவை நோக்கி ஓடினாள்.

"கதவை விடும்மா, நீ ஏன் குறுக்கே நிக்கிறே?" என்றபடி செகரட்டரி கையை நீட்டினார்.

"நீங்க முழுசாப் பாருங்க மாஸ்டர்" என்று திரும்பிச் சொல்லிவிட்டு, கதவைச் செகரட்டரியின் முகத்துக்கு நேரே சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டாள்.