பச்சைக் கட்டம்

"என் தம்பி முகாமுக்குத்தானா உங்களுக்குச் சிவப்பு கிடைச்சுது?" என்று தமயந்தி கத்தியபோது நான் எங்கள் வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். பக்கத்து ஃபிளாட், சுவர் மெல்லியது, என் மேல் குற்றமில்லை.

அவள் கணவர் புகழேந்திக்கு ராணுவத்துக்கு அறிக்கை எழுதும் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எல்லை முகாம்களில் குண்டும் கம்பளியும் எத்தனை நாளுக்கு வரும் என்று பார்த்து, போதுமென்றால் பச்சை, போதாதென்றால் சிவப்பு என்று கட்டங்களுக்கு நிறம் கொடுப்பார். பிழை திருத்துவது மனைவி. ராணுவ ரகசியம் எங்கள் மாடியில் அவ்வளவு பத்திரமாக இருந்தது.

"சிவப்புன்னாதான்டி சாமான் அனுப்புவான்!"

"அவனுக்குப் பார்த்திருக்கிற பொண்ணோட அப்பாதான் இதைப் படிக்கிற அதிகாரி. தயாரா இல்லாத முகாமுக்குத் தென்னவன் தலைவன்னு தெரிஞ்சா சம்பந்தம் பேச வருவாரா?"

மூன்று நாள் புகழேந்தி ஓட்டலில் சாப்பிட்டார். நான்காம் நாள் அவர்கள் வீட்டிலிருந்து வத்தக்குழம்பு வாசனை வந்தது. கட்டம் பச்சையாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

பச்சை முகாம்களுக்கு இந்த வருடம் செலவே வேண்டாம் என்று மேலிடம் முடிவு செய்தது. மாசியில் சண்டை வந்தது. ஆறாம் நாளே குண்டு தீர்ந்து, தென்னவன் பெட்டியில் வந்தான்.

அந்தப் பெண்ணுக்கு வைகாசியில் ஒரு பல் டாக்டரோடு கல்யாணம், பந்தி பிரமாதம். புகழேந்தி, சிக்கனமான அறிக்கைக்காகப் பதவி உயர்வு பெற்றுத் தலைநகருக்குக் குடிபோனார். தமயந்தி கூடப் போகவில்லை. அம்மா வீட்டில், தம்பியின் அறையில் இருக்கிறாளாம். யாருக்கும் கதவைத் திறப்பதில்லை. நானே இரண்டு முறை போய்த் தட்டிப் பார்த்துவிட்டேன்.