ஒஸ்வால்டின் கடல்

"கடலைக் கொஞ்சம் கூட்டி வையுங்கோ அம்மா, அப்பா கை காட்டுறார்."

கட்டிலடியில் நின்ற செலீன் சொன்னதும் மெற்றில்டா போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். கொட்டாஞ்சேனை வீட்டின் அந்தச் சின்ன அறைக்குள் அலை வந்து மோதியது.

ஒஸ்வால்டின் இடது கை இன்னும் வேகமாக ஆடியது. பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் வாயும் விழுந்துபோன பிறகு, அந்த மனிதரிடம் மிச்சமிருந்த பேச்சு அந்தக் கை ஒன்றுதான். "பாத்தீங்களே, இன்னும் வேணுமாம்" என்றாள் மகள்.

ஆஸ்பத்திரியால் வந்த நாள் முதல் ஒஸ்வால்டுக்கு நித்திரை இல்லை. இரவிரவாக முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். செலீன்தான் எங்கேயோ வாசித்துவிட்டு, அலைச் சத்தமும் நல்ல வாசமும் இருந்தால் மருந்தில்லாமலே நித்திரை வரும் என்றாள். வெள்ளவத்தையில் போய் லவெண்டர் எண்ணெயும், கடற்காற்று வாசம் என்று எழுதிய நீலப் போத்தல் ஒன்றும் வாங்கி வந்தாள்.

மெற்றில்டாவுக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. வாழ்நாளெல்லாம் இழுவைக் கப்பலில் நின்ற மனுசனுக்குக் கடலைவிட வேறென்ன தாலாட்டு வேண்டும்? பொழுதுபட்டதும் போனில் அலையையும் மெழுகுதிரிமேல் எண்ணெயையும் வைப்பது வழக்கமானது. முதல் நாளே அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தார். தாயும் மகளும் சிலுவை போட்டுக்கொண்டு அறைக்கு வெளியே வந்தார்கள்.

மெற்றில்டாவின் அப்பா பழைய கப்பல்காரர். கடலில் நிற்கிறவனுக்குத்தான் பெண் என்று ஒற்றைக்காலில் நின்று, கேட்டு வந்த கிளாக்கர் மாப்பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பியவர். பெருங்காற்றில் இழுவைக் கப்பலை எப்படித் திருப்புவது என்று ஒஸ்வால்ட் கையைக் காலை ஆட்டிச் சொன்ன கதையில்தான் கிழவர் விழுந்தார். மெற்றில்டாவும் அதே கதையில் விழுந்தாள். அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

துறைமுகத்துக்குள் பெண்சாதிமாரை விடமாட்டார்கள். அதனால் அவள் கண்டதெல்லாம் சுவரில் தொங்கிய படங்கள்தான். வெள்ளைத் தொப்பியும் இடுப்பில் கையுமாக ஒஸ்வால்ட் இறங்குதுறையில் நிற்பார்; எல்லாப் படத்திலும் கப்பல் அவருக்குப் பின்னால் கட்டிக் கிடக்கும். காலிமுகத்திடலுக்குப் போனாலும் அவர் கால் நனைப்பதில்லை. "ஒவ்வொரு நாளும் பாக்கிற கடல்தானே, லீவு நாளிலயுமா?" என்று சிரிப்பார்.

இப்போது வீட்டில் புதுத் தலையிடி வந்திருந்தது. பகலில் பருக்கும் கஞ்சி ஒழுங்காகத் தங்கியது. பொழுதுபட்டுக் கொடுப்பது மட்டும் அப்படியே சத்தியாக வெளியே வந்தது. டொக்டர் மருந்தை மாற்றினார், மருந்து கொடுக்கும் நேரத்தை மாற்றினார். கடைசியில், ஆள் வற்றிக்கொண்டு போகிறார், இந்தக் கிழமையும் இப்படியென்றால் மூக்கால் ரியூப் போடத்தான் வேண்டும் என்று கையை விரித்துவிட்டார்.

மெற்றில்டா கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள். கஞ்சியில் இஞ்சி தட்டிப் போட்டாள், உப்பைக் குறைத்தாள். பிள்ளை மாதிரி வாயைத் திறந்து ஒவ்வொரு கரண்டியாக வாங்குகிறவர், சற்று நேரத்தில் கண்ணீரும் சத்தியுமாகக் கிடப்பதைப் பார்க்க அவளால் ஏலவில்லை. என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல அவருக்கு வாயில்லை.

அன்றைக்கு விளக்குப் போடுகிற நேரத்தில் றேமண்ட் வந்தார். ஒஸ்வால்டும் அவரும் ஒரே நாளில் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இப்போது நீர்கொழும்பில் மகனோடு இருப்பதால், கூட்டாளி விழுந்த செய்தி அவருக்குப் பிந்தித்தான் போயிருந்தது.

அவர் உள்ளே வரும்போது மெற்றில்டா கணவரின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீலப் போத்தல் எண்ணெய் மெழுகுதிரிச் சூட்டில் ஆவியாகி அறையெல்லாம் மணத்தது. தலைமாட்டில் போன் இரைந்துகொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, ஆள் இப்பிடி எலும்பாப் போனான்?"

"நான் என்ன அண்ணை செய்ய? இரவுச் சாப்பாடு ஒண்டும் வயித்தில நிக்குதில்லை." அவள் துடைத்த துணியை மடித்தாள். "இந்தக் கடல் சத்தம் ஒண்டுதான் இவருக்கு ஆறுதல். கையைக் காட்டிக் காட்டிக் கேக்கிறார்."

ஒஸ்வால்டின் கை காற்றில் அடித்தது. கண்கள் றேமண்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சின. மெற்றில்டா பழக்கத்தில் போனை எடுத்து இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

றேமண்ட் சுவரிலிருந்த படங்களைப் பார்த்தார். பிறகு கூட்டாளியிடம் குனிந்து, "சொல்லட்டோடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆடிக்கொண்டிருந்த கை அடங்கி மெத்தையில் விழுந்தது. ஒஸ்வால்ட் மனைவியின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"முதல்ல அந்தச் சத்தத்தை நிப்பாட்டு, தங்கச்சி."

"ஏன் அண்ணை? கடலோடயே கிடந்த மனுசனெல்லே!"

"பென்சன் எடுக்குமட்டும் இவன் கரையில, ஸ்டோர்ஸில கயிறு எடுத்துக் குடுத்தவன்."

மெற்றில்டாவின் விரல் போன்மேல் அப்படியே நின்றது.

"கப்பல்ல ஏறினது ஒரே ஒரு நாள், அண்டைக்கும் சத்தி எடுத்துக்கொண்டுதான் இறங்கினவன்."