பனிமலையில் ஓர் இரைச்சல்

ஆல்ப்ஸ் மலையுச்சியின் பார்வை மேடையில் நிமலரூபன் தன் அக்காவைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். வன்னியிலிருந்து முதன்முறையாக சுவிசுக்கு வந்திருந்த அருள்மலர், அவனுடைய மகள் ஆரணியின் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி சிரித்தாள். அப்போது பள்ளத்தாக்கிலிருந்து மேலெழுந்த ஒரு போர் விமானம் தலைக்கு மேலே வானைக் கிழித்துக்கொண்டு போனது. மேடையிலிருந்தவர்கள் கைபேசிகளை உயர்த்தினார்கள். அக்காவோ பிள்ளையை அங்கே உட்காரப் போட்டிருந்த மரவாங்குக்கு அடியில் தள்ளி, அவள்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள்.

“அக்கா, இது சும்மா பயிற்சி. எழும்புங்கோ, சனம் பாக்குது.”

“மற்றது வரும். படடா.”

சண்டை முற்றுமுன்பே ஊரைவிட்டு வந்தவன் அவன். போரின் கடைசி மாதங்களைப் பற்றி அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“அப்பா, மாமி நடுங்கிறா,” என்றாள் ஆரணி அடியிலிருந்து.

அக்காவின் கை அவன் கணுக்காலைப் பற்றிக் கீழே இழுத்தது. மலைக்குப் பின்னால் இன்னோர் இரைச்சல் எழுந்து நெருங்கியது. எல்லோரும் ஆவலோடு வானத்தைப் பார்த்தார்கள். நிமலரூபன் ஈரப் பனியில் முகம் பதியப் படுத்து, அக்காவின் முதுகின்மேல் தன் கையைப் போட்டுக்கொண்டான்.