பட்டினிச் செடி

"எப்படியாவது பிழைக்க வச்சுடுங்க தம்பி. என் பையன் உயிரா வளர்த்த செடி."

அந்த அம்மா தொட்டியை மேசைமேல் வைத்தாள். நர்சரிக்காரர் குனிந்து பார்த்தார். புரோட்டியா. ஆப்பிரிக்காவின் வறண்ட குன்றுகளில், வருஷம் முழுக்கப் பச்சையாக நின்று பூக்கிற புதர்ச்செடி. இதுவோ இலை நுனியெல்லாம் கருகி, பார்க்கவே பாவமாக இருந்தது.

"உங்க பையனை நல்லாத் தெரியும்மா. வாரம் தவறாம வந்து, கேள்வி கேட்டே என் உயிரை வாங்குவாரு. அவர் கையில இது இப்படி ஆகாதே!"

"ரெண்டு மாசமா நான்தான் பார்த்துக்கறேன்."

"என்ன உரம் போட்டீங்க?"

அவள் முந்தானையால் தொட்டியின் விளிம்பைத் துடைத்தாள்.

"டாக்டர்கிட்டயும் என்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதும்மா."

"கொஞ்சம் போட்டேன்... அதுக்கு நல்லதுன்னு நினைச்சேன்."

மண்ணைக் கிளறினார். வெள்ளை வெள்ளையாகத் துகள்கள்.

"எலும்புத் தூளா?"

அவள் மெல்லத் தலையசைத்தாள்.

"போச்சு போங்க! ரோஜாவுக்கு அது விருந்து, இதுக்கு விஷம். பட்டினி கிடந்தே பழகின செடிம்மா இது. ஆசையா ஊட்டிவிட்டா செத்துடும்." செடி விஷயத்தில் அவர் யாருக்கும் தயவு தாட்சண்யம் காட்டுவதில்லை.

"அப்போ நானே கொன்னுட்டேனா?" என்று அவள் உடைந்து அழுதாள்.

நர்சரிக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. செடிக்காகக் கண்கலங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறார். இப்படி யாரும் அழுது பார்த்ததில்லை.

"அழாதீங்க. வேர் இன்னும் கெடலை. இந்த மண்ணைக் கொட்டிட்டுப் புதுசு வச்சா துளிர்த்துடும்."

சொல்லிக்கொண்டே தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். மண் பொலபொலவென்று பக்கத்தில் நின்ற குப்பைத் தள்ளுவண்டியில் உதிர்ந்தது.

"ஐயோ!"

அவள் பாய்ந்து வந்தாள். கைப்பையிலிருந்த சாவி, கண்ணாடி, மாத்திரை எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். வண்டியில் கிடந்த மண்ணை இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளிப் பைக்குள் நிரப்பினாள்.

"என்னம்மா பண்றீங்க? செடி இதோ பத்திரமா இருக்கு, பாருங்க! பையன் வந்து கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"செடியை நீங்களே வச்சுக்கங்க தம்பி" என்றாள், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "தகனம் பண்ணிட்டு, சாம்பலாக் கையில குடுத்த என் பையனை, நான் இந்த மண்ணுலதான் கலந்து வச்சிருந்தேன்."