டாலா ஓடையின் பீவர்கள்

டாலாவில் வெள்ளத்தைத் தடுக்க, அணை கட்டும் பீவர் என்ற விலங்குகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவர் அதிகாரி ஊ சோ லின். ஓடையின் குறுக்கே மரமும் மண்ணுமாய் எழும்பியிருந்த அணையைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"ஒண்ணையும் காணோமே?"

"ராத்திரி பூரா வேலை, சயா. பகல்ல தூங்கும்" என்று அதிகாரிக்குப் பணிவாகப் பதில் சொன்னார் எழுத்தர் சிங்கராயர்.

"அடுத்த ஓடையிலயும் விட்டுடுங்க."

"ஆகட்டும், சயா."

சிங்கராயர் வீடு திரும்பியபோது அவர் மனைவி மார்த்தா, கைகாலில் காய்ந்த சேற்றோடு தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு விழித்தாள்.

"பீவரெல்லாம் கப்பல்லயே செத்துப்போச்சுன்னு இன்னைக்காவது சொன்னீங்களா?"

"சொன்னா என் வேலை போயிடும். அடுத்த ஓடையையும் ஊர்க்காரங்கதான் அடைக்கணும். வீட்டுக்கு ஒரு ஆள்."

மார்த்தா திரும்பிப் படுத்தாள்.

"இன்னைக்கு நம்ம வீட்டு பீவர் நீங்கதான்."