ஹேவ், ஹேட் மாப்பிள்ளை

உள்ளே வளையல் ஒரு தடவை குலுங்கினால் விடை சரி. இரண்டு தடவை குலுங்கினால் மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேட வேண்டியதுதான்.

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்குச் சொந்தக்காரர் கருத்தக்கண்ணன் வைத்த சட்டம் அது. கோர்ட்டு மனுவில் நிலம் 'இருக்கிறது' என்பதற்கு 'ஹேவ்' போடாமல், 'இருந்தது' என்று அர்த்தம் வருகிற 'ஹேட்' போட்டுத் தொலைத்தான் எவனோ ஒரு குமாஸ்தா. எதிர்க்கட்சி வக்கீல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, நஞ்சை போயே போய்விட்டது. அந்த இரண்டு சொல்லையும் மாற்றிப் போடாதவனுக்குத்தான் பெண் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

அவருக்கு இங்கிலீஷ் வாசனையே கிடையாது. மகள் சோலையம்மாள் மதுரையில் வெள்ளைக்கார டீச்சரம்மாவிடம் படித்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் வாய் திறக்கக் கூடாதே, அதனால் கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் பேசும்.

நல்லகாமன் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டினான். சித்திரைத் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்ததிலிருந்து, கட்டினால் இவளைத்தான் என்று ஒற்றைக் காலில் நிற்பவன். ஏர் ஓட்டும்போதும் அவன் 'ஹேவ், ஹேட்' என்று முனகியதில், மாடுகள் ஏதோ புது அதட்டல் என்று நினைத்து நின்றுவிட்டன.

தாய்மாமன் காசிமாயன் அவன் காதைக் கடித்தார். "மாப்ள, போன வாரம் பி.ஏ. படிச்சவனே தோத்துட்டுப் போயிருக்கான். யோசிச்சுச் சொல்லு."

கருத்தக்கண்ணன் தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் ஒரே கேள்விதேன். 'எங்கிட்ட ஒரு செவலைப் பசு இருந்துச்சு.' இத இங்கிலீசுல சொல்லுங்க."

நல்லகாமன் நிமிர்ந்தான். "இருந்துச்சா? இப்ப எங்க மாமா?"

"மாசியில செத்துப்போச்சு."

"அடப் பாவமே. கன்னு இருக்கா?"

"இருக்கு. எம்மகதேன் பால் ஊட்டி வளக்குறா. கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க."

தாயில்லாத கன்றுக்குட்டி நினைப்பில் அவனுக்குப் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. "ஐ ஹேவ் எ கவ்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

உள்ளே சத்தமே இல்லை. காசிமாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நல்லகாமன் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தான்.

வளையல் குலுங்கியது. ஒரே ஒரு தடவை.

ஆவணியில் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பிய வண்டியின் பின்னால் செவலைக் கன்றும் நடந்து வந்தது. நல்லகாமனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பி.ஏ.காரனையே செயிச்சுட்டேன், பாத்தியா?"

சோலையம்மாள் கன்றைப் பார்த்துச் சிரித்தாள்.

"அவரு சரியாத்தேன் சொன்னாரு."