வடகக் காவல்

தம்ளர் நிறைய மோரோடு மாடிப்படி ஏறுவது லேசான காரியம் இல்லை. கண் மோரிலேயே இருக்க வேண்டும். கால் தானாகப் படியைத் தேடிக்கொள்ள வேண்டும்.

கடைசிப் படிக்கு முந்தின படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அம்மா தனியாகச் சிரித்தாள்.

மகள் மோரோடு படியிலேயே நின்றுவிட்டாள்.

மொட்டை மாடியில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் கூழ் வடகம் பிழிந்திருந்தது. காக்கைகள் வேட்டியின் மேலேயே நடந்து, அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தன. விரட்டுகிற கம்பு தரையில் கிடந்தது.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அம்மா. கையில் போன்.

ஒரு காக்கை தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அம்மா பார்க்கவில்லை.

அந்த போன் இந்நேரம் இட்லிப் பானைக்குள் இருக்க வேண்டும்.

கோடை விடுமுறை தொடங்கிய அன்று அம்மா போட்ட சட்டம் அது. அம்மா பள்ளிக்கூட டீச்சர். லீவு விட்டாலும் டீச்சர்தான். காலையில் கையெழுத்து, அப்புறம் கணக்கு, சாப்பிட்டதும் படம் வரைதல் என்று வீட்டுக்கே பீரியட் பிரித்துவிட்டாள். காலை இட்லி முடிந்து, பானையைக் கழுவித் துடைத்ததும் மகள் கேம் விளையாடுகிற டேப் உள்ளே போகும். அதற்கு மேல் அம்மாவின் போன். இனி விளக்கு வைக்கும்போதுதான் திறக்க வேண்டும். நடுவில் யாராவது தொட்டால் அந்த அலுமினிய மூடி ஊரைக் கூட்டிவிடும்.

"உனக்கு மட்டும் இல்ல பாப்பா, எனக்கும்தான்" என்று அன்று அம்மா சொன்னாள்.

அந்த ‘எனக்கும்தான்’ இல்லாவிட்டால் அவள் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டாள். தரையில் புரண்டு அழுதிருப்பாள்.

ஒசூருக்கு வீடு மாறிப் போன ஷஃபீனாவும் அவளும் டேப்பில் கூட்டாக ஒரு கேக் கடை நடத்தி வந்தார்கள். அண்ணனுடைய போன் ஷஃபீனாவுக்கு மத்தியானத்தில்தான் கிடைக்கும். இனி மத்தியானம் வர முடியாது, எங்கள் வீட்டில் அம்மாவும்கூட போன் தொட மாட்டார்கள் என்று இவள் பெருமையாகச் சொன்னாள். ஷஃபீனா சிரித்தாள்.

"உங்கம்மா ஒளிச்சு வெச்சுப் பாப்பாங்கடி."

"எங்கம்மா ஒண்ணும் அப்படிக் கிடையாது. போடி."

அதோடு பேச்சு நின்றது. இப்போது கேக் கடையில் ஷஃபீனாவோடு வேறு யாரோ முட்டை அடிக்கிறார்கள்.

மற்ற வீடுகளில் வடகத்துக்குக் காவல் இருக்கப் பிள்ளைகளைத்தான் மாடிக்கு விரட்டுவார்கள். அம்மா மட்டும் தினமும் தானே போனாள். வெயிலில் நீ காயாதே என்றாள். எவ்வளவு பாசம் என்று மனசு உருகித்தான் அவள் இன்று மோர் கலக்கினாள். கறிவேப்பிலைகூடக் கிள்ளிப் போட்டிருந்தாள்.

சத்தமில்லாமல் இறங்கினாள். மோரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள்.

இட்லிப் பானையைத் திறந்தாள். மூடி சத்தம் போட்டது. போடட்டும்.

டேப் அதன் நீலப் பைக்குள் அப்படியே இருந்தது. அதன்மேல் ஊதாப்பூ போட்ட அம்மாவின் போன் கவர். கழற்றிப் பார்த்தாள். உள்ளே, போன வருடம் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போன பழைய போன்.

ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் மறக்காமல் கவரை மாற்றிப் போட்டிருக்கிறாளே, அதுதான் தாங்கவில்லை. ஷஃபீனாவிடம் போய் என்னவென்று சொல்வது?

பழைய போனுக்குக் கவரைத் திரும்ப மாட்டி, இருந்தபடியே வைத்து மூடினாள்.

அம்மா முகம் சிவக்க இறங்கி வந்தாள். கையில் பாதி வடகம்தான் இருந்தது.

"காக்கா தொல்ல தாங்கல பாப்பா. ஒரு நிமிஷம் கண்ண எடுக்க முடியல."

"ம்" என்றாள்.

மறுநாள் காலை பானை கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது. அம்மா கூப்பிடுவதற்கு முன்பே அவள் டேப்பின் நீலப் பையோடு வந்தாள். ஜிப்பை முழுவதும் இழுத்து மூடியிருந்தாள். இரண்டு கையாலும் பானைக்குள் இறக்கினாள்.

டொக் என்றது.

"சமத்து" என்று சொல்லிவிட்டு அம்மா ஊதாப்பூவை அதன்மேல் வைத்தாள். மூடினாள்.

அவள் கணக்குப் போட உட்கார்ந்தாள்.

சமையலறையில் அம்மா வெண்டைக்காயைக் கழுவினாள். கத்தியை எடுத்தாள். பிறகு எதையோ தேடினாள். மேடையில் பார்த்தாள், பாத்திரக் கூடையில் பார்த்தாள், சிலிண்டருக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள்.

"பாப்பா, காய் நறுக்குற பலகையப் பாத்தியா?"

அவள் நிமிரவில்லை. பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவின் காலடிச் சத்தம் நின்றது. இட்லிப் பானையின் மூடி லேசாக ஒரு தடவை அசைந்தது. திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அம்மா வெண்டைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே நறுக்கத் தொடங்கினாள்.